ஆளில்லாப் பாட்டு

அந்த ஜப்பான் பாட்டெல்லாம் ஒன்றுபோல ஒன்று இல்லை, வகை வகையாய் இருக்கிறது, காது பழகிவிட்டால் எது எதுவென்று தனித்தனியாய்ப் பிரித்துவிடலாம் என்று அமலோற்பவத்துக்கு முதன்முதலாகச் சொன்னது அவள் மகன் டெல்வின்தான். போன தவக்காலத்தில், சாம்பல் புதன் கழிந்த மூன்றாம் நாள், அடுப்படியில் அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாத காதாய் இருந்திருந்தால், சற்று முன்னே ஜப்பானிலிருந்து அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு, சரி, பிள்ளை நன்றாய் இருக்கிறான், ஆண்டவரே உமக்கு நன்றி என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைப் பூசைக்கான பீடத்துணியை இஸ்திரி போட்டு முடித்திருப்பாள். கோயில் உபதேசியார் ஐந்தரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். மணி நாலரை. துணி கஞ்சி போட்டுக் காய்ந்து பப்படம் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. ஒரு கையால் தண்ணீர் தெளித்து மறு கையால் பெட்டியை ஓட்ட வேண்டும், ஈரம் ஆறுவதற்குள் ஓட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் தெளித்த கை போனுக்குப் போகிறது. "அம்மா, நல்லா இருக்கேன். இன்னைக்குக் கூப்பிட முடியாதும்மா, நாளைக்குப் பேசுறேன். அப்பாவ மாத்திரை ஒழுங்கா போடச் சொல்லுங்க. வைக்கட்டுமா." இருபத்தொரு விநாடி. சொன்னதில் ஒரு குறையும் இல்லை. குரலிலும் குறை இல்லை. குறை குரலுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் ஒரு பாட்டு ஓடுகிறது, மெதுவாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல. ஆரம்பத்தில் நாலு அடி, டக் டக் டக் டக் என்று, பிறகு எவர்சில்வர் தம்ளரில் கரண்டி பட்டதுபோல ஒல்லியாய், உயரமாய், விறுவிறுவென்று ஏறுகிற பாட்டு. அது என்ன பாட்டென்று அவளுக்குத் தெரியும். ஆளில்லாப் பாட்டு. ஆண்டவரே, அந்தப் பாட்டேதான்.

அவளாக வைத்த பேர் அது. டெல்வின் சொன்ன பேர்கள் வாயில் நிற்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற வாய். அன்றைக்கு அவன் ஊருக்கு வந்து பன்னிரண்டாவது நாள். பதினொரு நாள் அறையை விட்டு வெளியே வராதவன் அடுப்படி வாசல்படியில் வந்து உட்கார்ந்தான், தாடியும் அவனுமாய், போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. வேறு ஒன்றும் வாயில் வராமல் அவள்தான், "அங்க பாட்டெல்லாம் எப்படில இருக்கும்?" என்று கேட்டுவைத்தாள். ஒரு பதிலும் வராது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் போனைத் தட்டினான். கோழிக்குஞ்சுக் கூடையைத் திறந்துவிட்டதுபோலப் பிள்ளைகள் சத்தம். "இது ஐடல்னு சொல்லுவாங்கம்மா. பொம்பளப் பிள்ளைங்க கூட்டமா ஆடிப் பாடுறது. ஒரு குரூப்புல நாப்பது பேரு கூட இருப்பாங்க." "நாப்பது பேருக்கும் யாருல சோறு பொங்குறது?" என்று கேட்டாள், நிஜமாகவே கேட்டாள், அவன் சிரித்துவிட்டான். அஞ்சு மாதத்துக்குப் பிறகு அவன் சிரிப்பு. கையில் மீன் வழுக்கியது. பாட்டுக்கு நடுவில் ஆம்பளைக் குரல்கள் கூட்டமாய் என்னவோ கத்தின. "அது பாட்டு கேக்க வந்தவங்கம்மா. எந்த எடத்துல என்ன கத்தணும்னு மொறை இருக்கு. மொதல்லயே மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவானுங்க." "அப்ப மன்றாட்டுமாலைன்னு சொல்லு. நாம முன்னால சொல்ல, சனம் பின்னால சொல்லுமே, அது மாதிரி." "அப்படியேதாம்மா," என்றான். அடுத்தது வயசான ஒரு அம்மாள் பாடியது; ஒரு சுரத்துக்கு வந்து சேருமுன்னே தொண்டையிலேயே நாலு தடவை நடுங்கி, உடைந்து, பிறகு வந்து சேர்கிற பாட்டு. பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரிபோல இருந்தது. "இது என்கா. பெருசுங்க கேக்கிறது. கப்பல் போயிருச்சு, அவரும் போயிட்டாரு, மழை பெய்யுது, நான் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு பாடுறாங்க." "குடிக்கிறது யாரு, அந்த அம்மாளா?" "ஆமா." "அடப் பாவமே." அதற்குப் பிறகு சிட்டி பாப் என்று ஒன்று, எண்பதுகளில் வந்ததாம், கடலோரமாய்க் கார் ஓட்டிக்கொண்டே கேட்கிறதாம், கிட்டார் அடியில் மெத்துமெத்தென்று போட்டுக்கொண்டே வந்தது, அதைக் கேட்டு அவள் காலே லேசாய் ஆடியது, அதுதான் அவளுக்குக் கார்ப் பாட்டு. அதற்குப் பிறகு முகமெல்லாம் வெள்ளை அடித்து, கண்ணுக்குக் கறுப்பு தீட்டின பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். தண்ணீர் குடிக்க வந்த அவள் வீட்டுக்காரர் ஸ்டனிஸ்லாஸ் அந்தப் படத்தை எட்டிப் பார்த்து, "இது பையனா, பொம்பளப் பிள்ளையா?" என்றார். "பையன்தாம்ப்பா." "இவ்வளவு பவுடர் அப்பினா இவனுக்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மன்றாட்டுமாலைப் பாட்டு, ஒப்பாரிப் பாட்டு, கார்ப் பாட்டு, வெள்ளையடிச்ச பாட்டு. நாலும் ஆயிற்று. ஐந்தாவதுக்கு அவன் விரல் போனுக்கு மேலேயே நின்றது, தொடலாமா வேண்டாமா என்று. தொட்டான். டக் டக் டக் டக். அவள் முகம் மலர்ந்துபோய், ஆமாம், மலர்ந்துபோய்த்தான் சொன்னாள், "ஏல, இது ஒனக்க கம்பெனியில போடுற பாட்டுல்லா?"

அந்த மலர்ந்த முகத்தை நினைத்தால் இப்போதும் காதோரம் சுடுகிறது. "கம்பெனியில பாட்டுப் போட மாட்டாங்கம்மா," என்றான். அவன் ஊருக்கு வருமுன்னே அங்கே அஞ்சு மாதம். தினம் ஒரு வாய்ஸ். "அம்மா, வேலையில இருக்கேன், அப்புறம் பேசுறேன்." பின்னால் அந்தப் பாட்டு. ஒவ்வொரு நாளும் அதே பாட்டு. அதே பாட்டு என்பதிலேயே ஒருத்தி சுதாரித்திருக்க வேண்டாமா, எந்தக் கம்பெனியில் அஞ்சு மாதம் ஒரே பாட்டைப் போடுவான்? அவள் சுதாரிக்கவில்லை. சுதாரிக்காதது மட்டுமா, அதைப் பெருமையாய்ப் பக்கத்து வீடுகளில் சொன்னாள். மாதா சபைக் கூட்டத்தில் சொன்னாள், எனக்க மகன் கம்பெனியில் அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டுப் போடுகிறார்களாம், நம்ம ஊர் கம்பெனியில் உண்டுமா இதெல்லாம் என்று. பாத்திரம் கழுவும்போது அந்த ராகத்தை வாய்க்குள் முனகிக்கூட இருக்கிறாள். அவள் முனகின அதே நேரத்தில் அங்கே அவன் திரையை இழுத்து மூடிக்கொண்டு, குளிக்காமல், வேலைக்குப் போகாமல், வெளியே ஒரு மனுச முகம் பார்க்காமல் கிடந்திருக்கிறான். அதே கட்டடத்தில் இருந்த கரூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டு, பையன் சரியில்லை, ஊருக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள் என்றதால்தான் வந்தான்; அஞ்சு மாதமும் அப்படித்தான் கிடந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "அது ஆளு பாடுறது இல்லம்மா," என்று அன்றைக்கு அடுப்படியில் சொன்னான், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்து. "மெஷினு. வோக்கலாய்டுன்னு பேரு. எழுத்த அடிச்சுக் குடுத்தா கம்ப்யூட்டரே பொம்பளக் குரல்ல பாடும். எவனோ ஒருத்தன் அவன் ரூம்ல ஒத்தையில உக்காந்து செஞ்சிருப்பான். நான் எனக்க ரூம்ல ஒத்தையில உக்காந்து கேப்பேன். நடுவுல ஆளே கெடையாது. அதாம்மா எனக்கு நல்லா இருந்துச்சு." அவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவின மீன். நடுவுல ஆளே கெடையாது. பெற்ற வயிறு கேட்கிற வார்த்தையா அது?

பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டோமோ? இல்லை, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறது. தண்ணீர் தெளித்த இடம் காய்ந்துவிட்டது. திரும்பத் தெளித்தாள். ஓரத்தில் தைத்திருக்கிற சிலுவைப் பூவேலையை உட்பக்கமாய்த்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பளபளத்துவிடும். உட்பக்கமாய்த் திருப்பினாள். சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் கூப்பிடுவான், அதுதான் ஏற்பாடு, ஜூன் மாதம் திரும்பிப் போனதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறினதில்லை. புதுசாய்ச் சேர்ந்தது ஒன்பது பேர் வேலை பார்க்கிற சின்னப் பட்டறை. வாரநாளில் வாய்ஸ் வந்தால் பின்னால் ஒப்பாரிப் பாட்டு கேட்கும், முதலாளிக் கிழவருக்கு ரேடியோவில் அதுதான் ஓட வேண்டுமாம். கேட்டதும் அவளுக்கு நெஞ்சு குளிரும், அந்த அம்மாள் நடுங்கி நடுங்கி அழுகிறாளா, சரி, பிள்ளை வேலையில் இருக்கிறான். கூட வேலை பார்க்கிறவர் காரில் வரும்போது பேசினால் கார்ப் பாட்டு. கடைக்குப் போனால் மன்றாட்டுமாலைப் பாட்டு. அவன் என்ன சொல்கிறான் என்பதை ஒரு காது கேட்கும், அவனுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதை மறு காது கேட்கும். இது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பொறுக்கமாட்டான். போகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "அம்மா, என்னைய நம்பணும். சந்தேகப்பட்டுக் கேட்டீங்கன்னா நான் பொய்தான் சொல்லுவேன். எனக்கே அது தெரியும்." கேட்க மாட்டேன் என்று சொன்னாள். மாதா சாட்சியாகச் சொன்னாள். கேட்கவும் இல்லை. கேட்கவில்லை, ஒட்டுக்கேட்கிறாள், அவ்வளவுதான். அது பாவமா? போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது, ஜப்பான் பாட்டையெல்லாம் சாமியாரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு நாலு மணிக்கு அழைப்பு வரவில்லை. நாலே காலுக்கு இந்த வாய்ஸ். இன்னைக்குக் கூப்பிட முடியாதும்மா. அந்த அஞ்சு மாதமும் இதே வார்த்தை. இதே பாட்டு. அவன் அறைக்குள் போய்விட்டானா? திரையை இழுத்துவிட்டானா? நேற்று ஒப்பாரிப் பாட்டு கேட்டதே, ஒரு நாளைக்குள்ளா? அன்றைக்கும் ஒரு நாளைக்குள்தான் என்று சொன்னானே, காலையில் எழுந்தேன், சட்டையை மாட்டினேன், கதவைத் திறக்கக் கை வரவில்லை என்று. "அதையே எத்தனை தடவதான் போட்டுக் கேப்ப?" கட்டிலில் படுத்திருந்த ஸ்டனிஸ்லாஸ் தலையைத் தூக்கினார். துறைமுகத்தில் முப்பது வருசம் கிரேன் ஓட்டின காது; வாய்ஸில் மகன் குரலே பாதிதான் கேட்கும், பின்னால் ஓடுகிற பாட்டுக்கு எங்கே போக? "மாத்திரை போடச் சொல்றான்," என்றாள். "போட்டாச்சுன்னு சொல்லு." "சொல்றேன்." "அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" "துணி சரியா வரல," என்றாள். பொய். சனிக்கிழமை சாயந்திரம், பீடத்துணியைத் தொட்டுக்கொண்டே. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஃபெமிலாவைக் கூப்பிடலாம், ஆனால் என்ன சொல்லுவாள் என்று தெரியும்: "அம்மா, அவனப் போலீஸ்காரன் மாதிரி விசாரிக்காதீங்க. ஒரு பாட்டக் கேக்கக்கூட அவனுக்கு உரிமை இல்லையா?" உரிமை இருக்கிறது, தாயே. யார் இல்லை என்றது. எந்தப் பாட்டையும் கேட்கட்டும். இந்த ஒன்றைத் தவிர. இந்த ஒன்றைத் தவிர.

ஏழாவது தடவை போடுவதற்குள் கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருந்தது பாதியில் அறுந்தது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்புக் கண் அணைந்தது. எவ்வளவு சத்தத்துக்குள் இருந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பெட்டியில் இருக்கிற சூட்டில் இன்னும் ஒரு முழம் தேய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனைக் காதோடு வைத்தாள். டக் டக் டக் டக். பாட்டு ஏறுகிறது. அம்மா, நல்லா இருக்கேன். ஏறுகிறது, ஏறுகிறது, ஹ். என்னது அது? திரும்பப் போட்டாள். ஏறுகிறது, ஏறுகிறது, ஹ். காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். ஒரு சின்ன இழுப்பு. சட்டையை அவசரமாய் மாட்டுகிறவன் போல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவசர அவசரமாய்க் காற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிற சத்தம். அமலோற்பவத்துக்கு அந்தச் சத்தம் தெரியாதா? இருபத்தாறு வருசமாய் இந்தத் தெருவில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முன்னின்று சொல்கிறவள். யாருக்கு எந்த வார்த்தையில் மூச்சு முட்டும் என்று அவளுக்கு அத்துப்படி. மூலைவீட்டு ஜொசிந்தா வாக்கியம் முடியுமுன்னே முடித்துவிட்டு உஸ் என்பாள், ஸ்டனிஸ்லாஸ் விசுவாசப் பிரமாணத்துக்கு நட்டநடுவில் நின்று ஒரு தடவை இளைப்பாறித்தான் மறுபடி கிளம்புவார். கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். மெஷினுக்கு எதற்கு மூச்சு? அந்த அஞ்சு மாதப் பாட்டில் மூச்சே கிடையாது. இப்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு அதை முனகும்போதெல்லாம் தனக்கே ஏன் மூச்சு முட்டியது என்று. அது எங்கேயும் நிற்காமல், எங்கேயும் வாங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இது வாங்குகிறது. இது ஆள். இது ஒரு ஆள் பாடுகிறது.

இரு, இரு, அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். யாரோ பாடினதைப் பதிவு பண்ணி வைத்திருக்கலாம், அதை அவன் அறையில் போட்டுக் கேட்கலாம், அதுவும் ஒத்தைதான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி போட்டாள், இந்தத் தடவை மகன் குரலை விட்டுவிட்டு, பெற்ற பிள்ளை குரலை ஒதுக்கிவைத்துவிட்டு, பின்னால் மட்டும் போனாள். அந்தக் குரல் பாட்டைவிடப் பின்தங்குகிறது. மெஷினுக்கென்று செய்த பாட்டு, மனுசத் தொண்டைக்கு அந்த வேகம் ஆகவில்லை, வார்த்தைகளை விழுங்கிவிட்டு ஓடுகிறது, மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறமுடியாமல் கீச்சென்று உடைகிறது. உடைந்ததும் ஒரு சிரிப்பு. பாடுகிறவரே சிரிக்கிறார். உடனே இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள், ஒரு ஆம்பளைக் குரல் கத்துகிறது, இரண்டு கை தட்டு, அதுவும் தாளத்தில் இல்லை. பதிவு பண்ணுகிறவர்கள் இந்தச் சிரிப்பையா பதிவு பண்ணுவார்கள்? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே நடப்பதால்தான்; இவன் அம்மாவுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வெளியே எழுந்து வந்திருக்கிறான். ஜப்பானில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ராகம் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் பாடுவார்களாம், அடுப்படிப் படியில் உட்கார்ந்து அதையும் அவன் சொன்னான், அதுக்கு மட்டும் என்னையக் கூப்பிட்டா போக மாட்டேம்மா என்று சொன்னான். போயிருக்கிறான். போனதோடு இல்லை, அந்தப் பாட்டு அங்கே ஒலிக்கிறது. ஒப்பாரி கேட்கிற முதலாளிக்கும் கார்ப் பாட்டு கேட்கிற ஆளுக்கும் அந்தப் பாட்டு எப்படித் தெரியும்? இவன் சொல்லாமல் தெரியாது. மூடின அறைக்குள் அஞ்சு மாதம் இவன் தனியாய் வைத்திருந்ததை வெளியே எடுத்து, இது எனக்குப் பிடிக்கும் என்று யாரிடமோ நீட்டியிருக்கிறான். அந்த யாரோ அதை வாங்கி, மூச்சு முட்ட முட்டப் பாடுகிறார்கள். அமலோற்பவம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதிருக்கிறாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து நின்ற வாக்கில் குடித்தாள், பாதி கழுத்தில் வழிந்தது. "என்னவாம்?" என்றார் ஸ்டனிஸ்லாஸ். "ஒண்ணுமில்ல. பிள்ள வெளிய போயிருக்கான், கூட்டத்தோட." "அதுக்கா கூப்பிட முடியல? நல்லதுதான. நீ ஏன் அழுற?" "அழலியே. வேர்வை. கரண்ட் இல்லல்லா." அவர் நம்பாமல் பார்த்துவிட்டு, விசிறி மட்டையை எடுத்து அவள் பக்கமாக நாலு வீசு வீசினார்.

நாளைக்கு மறுபடி ஒரு பாட்டு வரும், அதில் மறுபடி நெஞ்சு திடுக்கிடும், தெரியும். இருக்கட்டும். அது நாளைக்கு. போனை வாயருகே பிடித்து, பதிவு பண்ணுகிற பொத்தானை அழுத்தினாள். "டெல்வின், ராசா, நீ இப்ப எங்கல இருக்க, யாரு கூட," என்று தொடங்கிவிட்டாள்; சட்டென்று விரலை இழுத்து அதை அழித்தாள். கேட்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். மறுபடி அழுத்தினாள். "அம்மாதான் பேசுறேன். அந்தப் பாட்டக் கேட்டேன், எனக்குத் தெரியும்ல அந்தப் பாட்ட," என்றாள்; அதையும் அழித்தாள், அது அவனைக் குத்தும். தெருவில் ஒரு மீன்காரி சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனாள். பாதி தேய்த்த துணி மடியில் கிடந்தது, தேய்த்த பக்கம் வழுவழுவென்று, தேய்க்காத பக்கம் சொரசொரவென்று. ஏழு மணிக்குத் தெரு ஜெபம் இந்த வாரம் அவள் வீட்டில்தான். மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினாள். "ராசா, அப்பா மாத்திரை போட்டாச்சு. நீ மெதுவா நாளைக்கே கூப்பிடு, ஒண்ணும் அவசரம் இல்ல. ஒரே ஒரு காரியம்ல. ஒனக்குப் பின்னால ஒருத்தங்க பாடுனாங்கல்லா, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, அவங்க பேரு என்னன்னு மட்டும் ஏழு மணிக்குள்ள எழுதி அனுப்பு. இன்னைக்கு ஜெபத்துல அந்தப் பேரச் சொல்லணும்."